கடல்கட்டியும் குளிப்போர் மூச்சும்
(சேதுக்கரை வரலாற்றில் ஓர் ஆராய்ச்சி)

தோற்றுவாய்

அச்சம் வந்தவழி மூச்சு விரைதலும், மூச்சு அமைந்தவழி அச்சம் தணிதலும் யாவர்க்கும் அனுபவமாம். ஆயினும் இவ்விரண்டனுள் எது காரணம், எது காரியம் என வினவுவார்க்கு விடை கூறல் எளிதன்று. மூச்சை நெறிப்படுத்தின் மனம் நெறிப்படும் என்பர் யோக நூலார். உடம்பினுட் சுரந்து குருதியிற் கலக்கும் சில நீர்களே நெஞ்சத் துடிப்பையும் மூச்சையும் ஒருங்கே விரைவிக்கின்றன என்பர் மேனாட்டு உடற்றொழில் நூலார். இவ்விரு கூற்றும் தம்முள் மாறுபடுவனவோ, ஒன்றையொன்று நிரப்புவனவோ என்பது ஆராயத்தக்கது.

இவ்வாராய்ச்சியை ஏட்டளவில் நிகழ்த்தின் அது சொற்போராய் முடிதல் கூடும். ஆதலின், மூச்சையே முதலாக வைத்துப் பிழைத்த ஒரு கூட்டத்தாரின் வரலாற்றைத் துணைக்கொள்வோம். இராமேச்சுரம் முதற் கீழக்கரை வழியாகத் தூத்துக்குடி ஈறாகவும், எதிர்க்கரையில் மன்னார், அரிப்பு ஈறாகவும் பரந்து கிடக்கும் மன்னார்க் குடாக்கடலில் முத்தும் சங்கும் குளித்தெடுத்தோரே அவர். அவரோடு உடனுறைந்த 'கடல்கட்டி' என்னும் மந்திரத் தொழிலாளன் செய்தது யாது என்னும் வினாவிற்கு விடை காணின், மேற்கூறிய வினாவிற்கும் ஒருவாறு விடை கிடைக்கும் என்பது எம் கருத்து.

பழஞ் சான்றுகள்

இக்கடலின் முத்துக்குளிப்பு மிகப் பழமை வாய்ந்தது. கி. பி. முதல் நூற்றாண்டினதாகிய 'பெரிப்புளூஸ்' என்னும் கிரேக்க வழிநூல், பாண்டியர்க்குரிய கொற்கையின் முத்துக்குளிப்பைக் குறிப்பிட்டு, அத்தொழிலில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் ஈடுபடுத்தப்பட்டனர் என்று கூறுகின்றது. அக்கூற்று எத்துணைப் பொருந்தும் என்பது ஒருபுறமிருக்க, காண்பார் கண்ணுக்கு அத்தொழில் தண்டனையோடொக்கும் கடுமையுடையதாகத் தோன்றிற்று என்பது தெளிவு. நம் சங்க நூல்களோ அதனை வீரமாகக் காணும். கொலைத்தொழிற் சுறா திரியும் கடலில் மூழ்கி வலம்புரி எடுத்து மீளும் பரதவரைக் கொற்கையூர் ஆரவாரத்தோடு எதிர்கொண்டதாக அகநானூற்றுப் பாட்டொன்று குறிக்கும். சுறாவின் அச்சம் அன்றே இத்தொழிலோடு பிறந்தது என்பதற்கு இது சான்றாகும்.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வழி வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ கூறுவது நம் ஆராய்ச்சிக்கு மிக இன்றியமையாதது. வணிகர், எடுத்த முத்தில் பத்திலொன்றை அரசர்க்கு இறுத்தனர். பெருமீன்கள் குளிப்போரைத் தீண்டாவண்ணம் மந்திரத்தாற் கட்டுவார்க்கு இருபதிலொன்றைக் கொடுத்தனர். அம்மந்திரம் பகற்பொழுதிற்கே உரியது. இரவில் அதனை அவிழ்த்துவிடுவர் என்றும் அவர் எழுதியுள்ளார். இரவிற் கட்டவிழ்ந்த கடலில் திருட்டாகக் குளிக்க எவனுந் துணியான். எனவே, அரசர்க்குக் காவற்காரன் செய்யும் தொழிலையும் அம்மந்திரமே செய்ததாயிற்று. மந்திரம் மீனிடத்துச் செய்தது யாதாயினும், மக்கள் நெஞ்சத்தில் வேலை செய்தது என்பது இச்செய்தியாலேயே புலப்படும்.

குளிக்கும் முறை

கடல்கட்டியைப் பற்றி மேலும் ஆராயுமுன் குளிக்கும் முறையை அறிதல் வேண்டும். முத்துச் சிப்பி படுக்கும் இடத்தைப் 'பார்' என்றும், குளிப்பு நிகழும் பருவத்தையும் களத்தையும் 'சலாபம்' என்றும் வழங்குவர். விடியற்காலையில் தோணிகள் பாரை அடையும். ஒவ்வொரு குளிப்போனுக்கும் ஒரு கல்லும் இரண்டு கயிறும் உண்டு. ஒரு கயிறு கல்லிற் கட்டியது. மற்றொன்று சிப்பி இடும் வலைப்பையிற் கட்டியது. குளிப்போன் கல்லின்மேற் காலூன்றி, ஆழ மூச்சிழுத்து, ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொள்வான். கயிற்றை நெகிழ்த்தவுடன் கல் அவனை அடித்தலத்திற்கு இறக்கும். அங்கே கைக்கெட்டிய சிப்பிகளைப் பையிலிட்டுக் கயிற்றை அசைப்பான், மேலுள்ளவன் இழுத்தெடுப்பான். ஒரு கல்லுக்கு இருவராக மாறி மாறிக் குளிப்பர். ஒருவன் மூழ்கும்போது மற்றவன் மூச்சாறுவான். இவ்வாறு ஒருநாளைக்கு நாற்பது ஐம்பது முறை இறங்கினர் என்பர். கல்லே தொழிலின் உயிர்நிலையாதலின், சேதுபதி முதலிய தலைவர்க்குச் சலாபத்தில் இருந்த உரிமையும் 'இத்தனை கல்' என்றே எண்ணப்பட்டது.

நீரினுள் அவர் தங்கிய காலம் பற்றிப் பலர் பலவாறு கூறினர். 17ஆம் நூற்றாண்டினராகிய போர்ச்சுகேசியப் படைத்தலைவர் ரிபெய்ரோ, கத்தோலிக்கரின் விசுவாசப் பிரமாணத்தை இருமுறை சொல்லும் காலம் என்று அளந்தார். கடிகாரம் இல்லாவிடத்து மந்திரமே காலக்கோலாயிற்று. 1797இல் இங்கு வந்த லெ பெக் என்பார், காரைக்காலைச் சேர்ந்த ஒரு காப்பிரிச் சிறுவன் ஏழு நிமிஷம் தங்கினான் என்றெழுதினார். ஆனால், சலாபத்தைப் பல்லாண்டு மேற்பார்த்த ஜேம்ஸ் ஸ்டூவர்ட், 87 விநாடிக்கு மேற்பட்டு ஒருவரும் தங்கக் கண்டதில்லை என்றும், 13 பாகத்திற்குக் கீழே ஒருவரும் சென்றதில்லை என்றும் வரையறுத்தார். ஏறக்குறைய ஒரு நிமிஷமே பொது அளவு எனக் கொள்ளலாம்.

ஒரு நிமிஷம் சிறிது என்று எண்ணற்க. எட்டுப் பாகத்து நீரழுத்தமும், செவியின் நோவும், மங்கிய ஒளியும், எப்பக்கத்தினின்றும் சுறா வரலாம் என்னும் ஐயமும் சூழ நின்று, கை ஓயாது தொழில் செய்யும் ஒரு நிமிஷம் அது. அந்நிமிஷத்தில் மனம் ஒருகணம் கலங்கினும் உட்கொண்ட மூச்சு விரைவிற் செலவாகிவிடும்.

கடல்கட்டி

இந்நிலையில் குளிப்போர்க்குத் துணையாக நின்றவனே கடல்கட்டி. 1803இல் நூல் வெளியிட்ட பெர்சிவல் என்னும் ஆங்கிலப் படைவீரர், இம்மந்திரக்காரர் காலைமுதல் தோணிகள் மீளும்வரை கரையில் நின்று மந்திரம் முணுமுணுத்தனர் என்றும், அதுகாறும் அவர் உணவும் நீரும் கொள்ளலாகாது என்னும் விதி இருந்தது என்றும் கூறுவர். அவ்விதியை அவர் எப்பொழுதும் காத்திலர் என்று நகையாடவும் செய்கின்றார். அரிப்பில் இத்தொழில் ஒரு குடும்பத்தார்க்கே உரியதாயிருந்தது. ஆங்கில அரசாங்கமே அக்குடும்பத் தலைவனுக்குச் சம்பளம் தந்தது. அதன்மேல், சலாபக் காலத்தில் ஒவ்வொரு தோணியிலிருந்தும் நாளொன்றுக்குப் பத்துச் சிப்பி அவனுக்கு உரியது. மந்திரத்தில் நம்பிக்கையில்லாத ஆட்சியாளர் மந்திரவாதிக்குப் பொருள் கொடுத்தமைக்குக் காரணம் வெளிப்படை. அவனன்றிக் குளிப்போர் கடலில் இறங்கார். அவர் இறங்காவிடின் அரசுக்கு வருவாயில்லை.

1859இல் தம் இலங்கை வரலாற்றை வெளியிட்ட எமர்சன் டெனன்ட், தம் காலத்துக் கடல்கட்டிக் குடும்பத் தலைவன் கத்தோலிக்கக் கிறித்தவனாயிருந்தான் என்றும், அதனால் அவன் மந்திரத்தின் மதிப்புக் குறையவில்லை என்றும் கூறுவர். மார்க்கோ போலோ காலத்தில் அந்தணர் என்று பேசப்பட்ட தொழில், ஐந்நூறு ஆண்டிற்குப்பின் கிறித்தவன் கையில் இருந்தது. கீழக்கரை, தொண்டி முதலிய ஊர்களிலிருந்து சென்ற முஸ்லிம் குளிப்போரும் பரதவரும் ஒருங்கே அதன் நிழலிற் குளித்தனர். தெய்வப்பெயர் மாறியும் தொழில் மாறவில்லை எனின், அத்தொழிலின் பயன் மந்திரத்தின் சொற்பொருளில் மட்டும் அடங்கியதன்று என்பது பெறப்படும். இன்னொன்றும் நோக்கத்தக்கது. ஆங்கிலர் ஆட்சி தொடங்கிய காலமுதல் டெனன்ட் எழுதிய காலம்வரை, சுறாவால் நிகழ்ந்த விபத்தாக உறுதிப்பட்டது ஒன்றே என்று அவரே குறித்துள்ளார். ஆகவே, கடலில் இருந்த ஆபத்தினும் நெஞ்சில் இருந்த அச்சமே பெரிதாயிருந்தது. கடல்கட்டிக்கு வேலை இருந்த இடமும் அதுவே.

அச்சத்தின் உடற்றொழில்

அச்சம் உடம்பில் என்ன செய்கின்றது என்பதை மேனாட்டார் தெளிந்தது அண்மைக் காலத்திலேதான். சிறுநீரகங்களின் தலைமேல் தொப்பிபோல் அமைந்த இரு சிறு சுரப்பிகளின் சாற்றை விலங்குகளின் குருதியிற் செலுத்தியபோது குருதியழுத்தம் பெருகுதலை ஆலிவர், ஷேபர் என்னும் இருவர் 1894ஆம் ஆண்டை ஒட்டிக் கண்டனர். அச்சாற்றின் வினைப்பொருளை ஜப்பானியராகிய தகமினே 1901ஆம் ஆண்டளவில் தூய வடிவிற் பிரித்து 'அட்ரினலின்' எனப் பெயரிட்டார். ஓருறுப்பிற் பிறந்து குருதி வழியே சென்று வேறோருறுப்பை ஏவும் இத்தகைய பொருள்களுக்கு, 'கிளர்ச்சி செய்வது' என்னும் பொருள்பட 'ஹார்மோன்' என்னும் பெயரை 1905இல் ஸ்டார்லிங் வழங்கினார்.

குரைக்கும் நாயைக் கண்டஞ்சிய பூனையின் குருதியில் அட்ரினலின் மிகுதலை 1911இல் காட்டியவர் அமெரிக்கராகிய வால்டர் கானன். 1915இல் வெளிவந்த நூலில் அவர் இதனை விரித்து விளக்கினார். அச்சமோ சினமோ எழுந்தவுடன் நரம்பின் ஏவலால் இச்சுரப்பு குருதியிற் பாய்கின்றது. நெஞ்சம் விரைந்து துடிக்கின்றது, மூச்சுக்குழல்கள் விரிகின்றன, மூச்சு மேலெழுந்து விரைகின்றது, குடரின் தொழில் நிற்கின்றது, குருதி தசைகளை நோக்கிச் செல்கின்றது. போரிடுதற்கோ ஓடுதற்கோ உடம்பு ஆயத்தமாகின்றது. இஃது ஒரு சில விநாடியில் நிகழும்.

இதனின் வேறாய், மெல்லத் தொடங்கி நெடிது நிற்கும் வழியொன்றும் உண்டு. மூளையின் அடிப்பகுதி பிட்யூட்டரி என்னும் சுரப்பியை ஏவ, அது தன் சுரப்பால் அட்ரினல் சுரப்பியின் புறணியை ஏவ, 'கார்டிசால்' என்னும் ஹார்மோன் பெருகும். இது பல நிமிஷங்களில் உயர்ந்து, உடம்பின் சேமிப்பை எடுத்துச் செலவுக்குத் தரும். 1936இல் ஹான்ஸ் செலி என்பார் எலிகளைப் பலவகைத் துன்பத்திற்கு உட்படுத்தி, துன்பம் எதுவாயினும் அட்ரினல் புறணி பருத்தலும், நோயெதிர்ப்புக்குரிய உறுப்புக்கள் சுருங்குதலும், இரைப்பை புண்படுதலும் ஒருங்கே நிகழக் கண்டார். இக்காலத்தார் மன அழுத்தம் என்று பேசுவதன் ஆராய்ச்சிக்கு அது தோற்றுவாயாயிற்று.

இங்கே மூச்சுக்கு ஒரு தனி நிலை உண்டு. நெஞ்சத் துடிப்பையும், குடரின் அசைவையும், சுரப்பியின் சுரப்பையும் நாம் நினைத்த மாத்திரத்தில் மாற்ற இயலாது. மூச்சோ, தானே நிகழ்வது. நினைந்தால் நம்மாலும் நிகழ்த்தப்படுவது. மூச்சை உள்ளிழுக்குங்கால் நெஞ்சத் துடிப்புச் சற்று விரையும். வெளிவிடுங்கால் வேகஸ் என்னும் நரம்பின் தொழில் மிக்கு அது தணியும். 2017இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, எலியின் மூளையில் மூச்சின் தாளத்தை எழுப்பும் இடத்திலுள்ள ஒரு சிறு நரம்பணுத் தொகுதி, விழிப்பையும் பரபரப்பையும் எழுப்பும் இடத்தோடு நேரே தொடர்புற்றிருத்தலைக் காட்டிற்று. அத்தொகுதியை நீக்கிய எலிகள் அமைதியுற்றிருந்தன. ஆகவே அச்சம் மூச்சை ஏவுதலேயன்றி, மூச்சும் அச்சத்தை ஏவும் என்பது விலங்கிடத்து மெய்ப்பிக்கப்பட்டது. எது காரணம், எது காரியம் என்னும் தொடக்க வினாவிற்கு, ஒன்றற்கொன்று இரண்டும் ஆம் என்பதே விடையாகின்றது.

நீரினுள் நிகழ்வது

இனி, இவ்வறிவைக் கொண்டு குளிப்போனை நோக்குவோம். மூச்சை அடக்கி முகத்தை நீரில் ஆழ்த்தியவுடன் உடம்பு தானே வேறொரு செயலைத் தொடங்குகின்றது. முகத்து நரம்பின் வழியே செய்தி சென்று, வேகஸ் நரம்பு நெஞ்சத் துடிப்பைத் தணிக்கும்; கைகால்களின் குருதிக் குழாய்கள் சுருங்கும்; உள்ள ஆக்ஸிஜன் மூளைக்கும் நெஞ்சத்திற்கும் காக்கப்படும். நீர்வாழ் விலங்குகளில் முன்னரே அறியப்பட்ட இதனை, ஷோலாண்டர் முதலியோர் ஆஸ்திரேலியக் கடலின் முத்துக்குளிப்போரிடத்து ஆராய்ந்து 1962இல் வெளியிட்டனர். கொரிய நாட்டுக் குளிமகளிரை ஆராய்ந்தோர், குளிக்கும்போது மண்ணீரல் சுருங்கித் தான் சேமித்த குருதியணுக்களை வெளிவிடுதலையும், அதனாற் குருதியின் செம்பொருள் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு மிகுதலையும் 1990இற் கண்டனர்.

எனவே நீரினுட் செல்வான் உடம்பில் இரண்டு ஏவல்கள் எதிர்ப்படுகின்றன. நீரின் ஏவல் 'தணிக, சேமிக்க' என்பது. அச்சத்தின் ஏவல் 'விரைக, செலவிடுக' என்பது. அமைதியோடு இறங்குவானிடத்து முன்னது மேம்படும். அஞ்சி இறங்குவான் முன்னரே நெஞ்சம் துடித்து, ஆக்ஸிஜனை மிகுதியாகச் செலவிட்டு, மூச்சுமுட்டு விரைவில் வரப்பெற்றுக் கயிற்றை அசைப்பான். இருவரும் ஒரே ஆழத்தில், ஒரே கல்லில் இறங்கியவரே. ஒருவன் பை நிறையும், ஒருவன் பை குறையும்.

கடல்கட்டி செய்தது இப்பொழுது விளங்கும். அவன் கட்டியது சுறாவின் வாயை என்பதற்குச் சான்றில்லை. குளிப்போன் நெஞ்சிலெழும் அச்சத்தை அவன் கட்டினான் என்பதற்கோ, அவனன்றி ஒருவரும் இறங்காமையே சான்றாம். கரையில் ஒருவன் உண்ணாது நின்று தன்பொருட்டு மந்திரம் சொல்லுகின்றான் என்னும் நினைவோடு இறங்கியவனுக்கு, அந்நினைவே மூச்சை நெகிழ்த்தியிருக்கும். கயிற்றைப் பற்றி நிற்பவனும் இவ்வகையில் ஒரு கடல்கட்டியே. மனைவியின் உடன்பிறந்தானையே கயிறு பிடிக்க அமர்த்துவர் என்று இக்கரையிற் சொல்லப்படும். தங்கை வாழ்வு தன் கையில் இருத்தலின் அவன் கைசோரான் என்பது கருத்து. நம்பத்தக்கார் உடனிருப்பின் இடுக்கண் காலத்திற் கார்டிசால் மிகுதல் குறைகின்றது என்று இக்கால ஆராய்ச்சிகளும் காட்டுகின்றன.

மந்திரம் சொல்லுதலுக்கே ஓர் உடற்பயன் உண்டு என்பதும் காட்டப்பட்டுள்ளது. 2001இல் இத்தாலிய அறிஞர் பெர்னார்டி முதலியோர், கத்தோலிக்கரின் மரியாள் ஜெபத்தை இலத்தீனில் உருவிடுவாரையும், யோக மந்திரம் ஒன்றை உருவிடுவாரையும் அளந்தனர். இரண்டிலும் மூச்சு நிமிஷத்திற்கு ஆறளவாகத் தானே தணிந்தது. நெஞ்சத் துடிப்பையும் குருதியழுத்தத்தையும் சமன்செய்யும் இயல்பு வலுத்தது. மொழியும் சமயமும் வேறாயினும், சொல்லின் நீளமும் மூச்சின் நீளமும் பொருந்தியமையால் விளைந்த பயன் இது. ரிபெய்ரோ ஜெபத்தாற் காலத்தை அளந்ததும், அந்தணன் இருந்த இடத்திற் கிறித்தவன் நின்றும் குளிப்போர் குறைகூறாமையும் இவ்விடத்து நினைவுகூரத் தக்கன. ஆயினும் இதுகொண்டு மந்திரத்தின் முழுப்பயனும் மூச்சே என்று கூறுதல் எம் கருத்தன்று. உடம்பளவில் அளக்கக் கூடியதை அளந்தார் அவர். அதற்கு அப்பாற்பட்டதைப் பற்றி அவ்வளவை ஒன்றும் கூறாது.

நூல்வழக்கு

இனி நம் நூல்களிற் சில நோக்குவோம். திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் எட்டுறுப்பு யோகத்தைக் கூறுமிடத்துப் பிராணாயாமத்திற்கு அளவு வகுக்கின்றது. பூரகம் 16, கும்பகம் 64, இரேசகம் 32 மாத்திரை என்பது அவ்வளவு. உள்வாங்குதலினும் வெளிவிடுதல் இருமடங்காக வைக்கப்பட்டமை இங்கே உற்றுநோக்கத் தக்கது. வெளிவிடுங்காலே வேகஸ் நரம்பு மிக்கு நெஞ்சம் தணியும் என்று மேலே கண்டோம். மாத்திரைக்குத் தொல்காப்பியம் கண்ணிமைப்பையும் கைந்நொடியையும் அளவாகக் கூறும். அதனை அரை விநாடி என வைத்துக் கணக்கிடின், 112 மாத்திரையும் 56 விநாடியாம்; அஃதாவது, நிமிஷத்திற்கு ஏறக்குறைய ஒரு மூச்சு. குளிப்போன் நீரினுட் கழித்த காலமும் அதனோடு ஒத்திருத்தல் வியப்பே. ஆயினும் மாத்திரையின் அளவு வரையறைப்பட்டதன்று. ஆதலின் இவ்வொற்றுமையின்மேல் முடிபு கட்டுதல் பொருந்தாது.

மிருகேந்திர ஆகமத்தின் ஞானபாதம், அகங்கார தத்துவத்தின் தொழிற்பாட்டால் உடம்பிலுள்ள வாயுக்கள் ஐந்தும் இயங்குகின்றன என்று கூறும். சித்தாந்தம் பயில்வார் இதனை ஊன்றி நோக்குதல் வேண்டும். 'யான்' என்னும் எழுச்சிக்கும் மூச்சிற்கும் தொடர்பு கூறிய அந்நூல், அச்சத்தில் மூச்சு ஏன் முதற்கண் கலங்குகின்றது என்பதற்கு வழி காட்டுகின்றது. யானுக்கு ஊறு வரும் என்னும் நினைவன்றி அச்சம் வேறு யாது? இராமநாதபுரத்தை அடுத்த இலட்சுமிபுரத்திற் சமாதிகொண்ட தாயுமானவரும், நீரின்மேல் நடத்தல் முதலிய அரிய செயல்களினும் சிந்தையை அடக்கிச் சும்மா இருத்தலே அரிது என்னும் கருத்தைப் பாடியிருத்தல் அறிஞர் அறிந்ததே.

இவ்விடத்து இருதிறத்தாரை மறுத்தல் எம் கடமை. ஒருசாரார், அட்ரினலினும் கார்டிசாலும் நம் நூல்களில் முன்னரே கூறப்பட்டன என்பர். அது மிகை. சுரப்பியை அறுத்தும், சாற்றைப் பிரித்தும், குருதியை அளந்தும் கண்டது அவ்வறிவு. நம் நூல்கள் அவ்வழி சென்றன அல்ல. ஆக்ஸிஜனுக்குத் தமிழிற் பிராணவாயு என்று பெயர் வழங்குவதாற் பலர் மயங்குகின்றனர். ஆகமம் கூறும் பிராணன் உடம்பின் உள்ளியக்கம்; ஆக்ஸிஜன் காற்றிலுள்ள ஒரு பொருள். இரண்டும் ஒன்றல்ல. மற்றொருசாரார், கடல்கட்டி ஏமாற்றுக்காரன், பிராணாயாமம் மூடநம்பிக்கை என்பர். அவர், ஒரு செயலுக்குச் சொல்லப்பட்ட காரணம் தவறாயின் செயலும் பயனற்றது என்று கொள்ளுகின்றனர். சுறாவைக் கட்டுவதாகச் சொல்லியவன் அச்சத்தைக் கட்டினான். சொல்லிய காரணம் பிழை, விளைந்த பயன் மெய். நூற்கருத்தை நூலிடத்தும், அளவையை அளவையிடத்தும் வைத்து நோக்கின், இரண்டும் ஒன்றற்கொன்று துணையாம்.

நீங்கா அச்சம்

இதுகாறும் கூறியது ஒரு நிமிஷத்து அச்சம். கடற்கரை மக்கட்கு நெடுநாள் நின்று வருத்தும் அச்சமும் உண்டு. 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவில் எழுந்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து சென்ற புகைவண்டியும் அதிலிருந்தோரும் கடலுக்கு இரையாயினர். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை தமிழ்நாட்டுக் கரையைத் தாக்கியபோது நாகப்பட்டினமே பெரிதும் அழிந்தது. உயிர் பிழைத்தோர் பலர்க்கு அலை வற்றியபின்னும் உடம்பினுள் அலை வற்றவில்லை. உறக்கத்தில் திடுக்கிடுதலும், சிற்றொலிக்கு நெஞ்சம் படபடத்தலும், கடலை நோக்க அஞ்சுதலும் மாதக்கணக்கில் நீடித்தன. ஓடுதற்கென ஒருகணம் எழுந்த ஏவல், ஓடவேண்டாத காலத்தும் ஓயாது நிற்றலே இந்நோய்.

நாகப்பட்டினத்து முகாம்களிலிருந்த 183 பேரிடத்து ஓர் ஆராய்ச்சி நிகழ்ந்து 2010இல் வெளிவந்தது. மூச்சுப் பயிற்சி பெற்றோர்க்கு ஆறு வாரத்தில் அந்நோய்க்குறிகள் பெரிதும் தணிந்தன. பயிற்சி பெறாது காத்திருந்தோர்க்கு அவ்வாறு தணியவில்லை. நிகழ்ந்ததை மீண்டும் மீண்டும் எடுத்துரைக்கச் செய்யும் சிகிச்சையை மூச்சுப் பயிற்சியோடு சேர்த்தபோதும் அதனினும் மிக்க பயன் காணப்படவில்லை. இவ்வாராய்ச்சியில் ஆட்கள் முகாம் முகாமாகப் பிரிக்கப்பட்டனராதலின், இதனை இறுதி முடிபாகக் கொள்ளுதல் கூடாது. எனினும் வீடும் தோணியும் சுற்றமும் இழந்தாரிடத்து எஞ்சியிருந்த மூச்சே மருந்தாகப் பயன்பட்டது என்பது சிறு செய்தியன்று.

இக்காலக் குளிப்போர்

முத்துச் சலாபம் இப்பொழுது வரலாறாயிற்று. தூத்துக்குடிப் பக்கத்தில் 1961க்குப்பின் பெருஞ்சலாபம் நிகழவில்லை. ஆயினும் மூச்சடக்கிக் குளிக்கும் தொழில் சேதுக்கரையை விட்டு நீங்கவில்லை. பாம்பனை அடுத்த ஊர்களின் மகளிர், மன்னார்க் குடாத் தீவுகளின் ஓரத்தில் மரிக்கொழுந்து, கட்டக்கோரை முதலிய கடற்பாசிகளை மூழ்கி எடுத்துப் பிழைக்கின்றனர். கண்ணுக்குக் கண்ணாடியும், பாறை கிழியாதபடி விரல்களிற் சுற்றிய துணியுமே அவர்க்குக் கவசம். கல் இல்லை, கயிறு இல்லை, கயிறு பிடிக்கும் மைத்துனன் இல்லை, கரையில் நின்று மந்திரம் சொல்லும் கடல்கட்டியும் இல்லை. அன்று முத்துக்குளிப்போனைக் காக்கத் தொழிலமைப்பில் இடம் இருந்தது. இன்று இம்மகளிர்க்கு ஒருவர்க்கொருவரே துணை.

ஆதலின் மூச்சு பற்றிய ஒரு செய்தி அவர் செவிக்கும், அவர்தம் மக்கள் செவிக்கும் எட்டுதல் வேண்டும். மூச்சுமுட்டை எழுப்புவது பெரும்பாலும் ஆக்ஸிஜன் குறைவன்று. உடம்பிற் கரியமில வாயு மிகுதலே. இதனை 1905இல் ஹால்டேன், பிரீஸ்ட்லி என்பார் நிறுவினர். மூழ்குமுன் பலமுறை விரைந்து மூச்சுவிடின் கரியமில வாயு வெளியேறிவிடும். ஆக்ஸிஜனோ அதற்கேற்ப மிகாது. அப்பொழுது மூச்சுமுட்டு வருமுன்னரே மூளையில் ஆக்ஸிஜன் குறைந்து, யாதொரு முன்னறிவிப்புமின்றி அறிவு மயங்கும். நீச்சல் வல்லார் பலர் உலகெங்கும் இவ்வாறே மாண்டனர். அச்சத்தால் விரையும் மூச்சும் இவ்வாறு கரியமில வாயுவைப் போக்குமாதலின், அஞ்சி மூழ்குதல் இருமடங்கு தீங்காம். மெல்ல மூச்சுவிட்டு நெஞ்சம் தணிந்தபின் ஒருமுறை ஆழ இழுத்து மூழ்குதலும், ஒருவர் மூழ்க ஒருவர் மேலிருந்து காத்தலும், தனித்து மூழ்காமையுமே காப்பு. இருவர்க்கு ஒரு கல் என்று பண்டையோர் வகுத்த முறையில் இக்காப்பு முன்னரே அடங்கியிருந்தது.

யோகப்பயிற்சி மேற்கொள்வார்க்கும் இதனால் ஓர் எச்சரிக்கை உண்டு. நிமிஷத்திற்கு ஆறு மூச்சளவிற்கு மெல்லெனத் தணித்து, வெளிவிடுதலைச் சிறிது நீட்டுதல் பெரும்பாலார்க்கும் இயல்வதாம். 64 மாத்திரைக் கும்பகமோ, நூலை மட்டும் நோக்கிப் பழகத்தக்கதன்று. குருதியழுத்தமோ நெஞ்ச நோயோ உடையார் மருத்துவரைக் கேளாது கும்பகம் பயிலுதல் பெருந்தீங்கு. ஆசிரியனன்றி இதனைப் பழகலாகாது என்னும் மரபு கயிறு பிடிப்பானைப் போன்ற ஒரு காவலே.

முடிவுரை

ஆய்ந்தவற்றால் போந்த கருத்து இது. அச்சம் சுரப்பாலும் நரம்பாலும் மூச்சைக் கலக்கும்; மூச்சு மீண்டு அச்சத்தை வளர்க்கவோ தணிக்கவோ செய்யும். தன்வயமின்றி நிகழும் உடற்றொழில்களுள் நம் கைக்கு எளிதில் எட்டுவது மூச்சாதலின், அதனைப் பற்றியே ஏனையவற்றை நெறிப்படுத்தல் வேண்டும் என்று யோக நூலார் கண்டனர். நூலறியாக் குளிப்போரும் தொழிலளவில் அதனை அறிந்து, கடல்கட்டியையும் கயிறு பிடிப்பானையும் தமக்குத் துணையாக அமைத்துக்கொண்டனர். சேதுவில் நீராடச் செல்லும் அன்பர், கரைக்கப்பால் தலை மறைந்து தலை தோன்றும் பாசி எடுக்கும் மகளிரைக் காணுங்கால், ஈராயிரம் ஆண்டாக இக்கடலில் மூச்சை முதலாக இட்டு வாணிகம் நடத்திய மரபின் கடைக்கொழுந்து அவர் என்று அறிக. அவர்க்கு வேண்டும் காவலைப் பற்றிச் சிந்திப்பதும் சிவபுண்ணியத்தின் பாற்படும். இக்கட்டுரையிற் கண்ட பொருத்தங்களை ஆகமப் பயிற்சியும் உடற்றொழில் நூற்பயிற்சியும் ஒருங்குடைய அறிஞர் மேலும் ஆராய்ந்து உண்மை காண்பாராக.